மூன்று விரல்மேல் ஒரு கிண்ணம்

2011 மார்ச் 9, புதன்கிழமை. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பீங்கான் தொழிற்கூடத்தின் சூளையிலிருந்து நாலாயிரத்து இருநூறு மின்கம்ப இன்சுலேட்டர்கள் இறக்கப்பட்டன. அவற்றைத் தட்டி ஓசை கேட்டுப் பார்த்த அன்னமேரி, விரிசல் விட்ட இருநூற்றுப் பதினொன்றை ஒதுக்கிவைத்தார்.

ஒதுக்கியவை சுவரோரம் குவியலாகக் கிடந்தன. மறுநாள் லாரி வந்து நின்றபோது எண்ணிக்கை குறைந்தது. யாரோ அந்தக் குவியலிலிருந்து நாற்பதை எடுத்துப் பெட்டிகளில் அடுக்கிச் சரிக்கட்டினார்கள். அந்த ஆண்டு ஐப்பசி மழையில் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு மின்கம்பத்தில் அவற்றுள் ஒன்று வெடித்தது. இரண்டு நாள் அந்த வட்டாரத்தில் பம்பு செட்டு ஓடவில்லை. முதலாளி கொளஞ்சிநாதன் விசாரித்துத் தெரிந்துகொண்டார். யாரையும் திட்டவில்லை. ஓர் இரும்பு டிரம்மை அவரே உருட்டிவந்து அன்னமேரியின் இருக்கைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அன்றிலிருந்து ஒதுக்குகிற எதையும் அன்னமேரி கீழே வைப்பதில்லை. தட்டுவார், காது கொடுப்பார், சரியில்லை என்றால் டிரம்மின் விளிம்பில் ஓங்கி ஒரே அடி. உடைந்ததை எந்தப் பெட்டியிலும் போட முடியாது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை காலையில், அவர் பிரான்சு நாட்டின் லிமோஜ் நகரத்தில் தன் மகள் அருள்ஜோதியின் சமையலறையில் உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சிநாதன் அனுப்பியிருந்தார். முந்தைய நாள் ஆயுத பூசை. பொரி, கடலை, வாழைப்பழத்துக்கு நடுவில் ஒரு புளியங்கட்டைச் சுத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கிடத்தப்பட்டிருந்தது. இன்சுலேட்டர்களைத் தட்டிப் பார்க்க இருபத்தாறு வருடமாக அன்னமேரி பிடித்த சுத்தி. படத்தோடு குரல் பதிவும் இருந்தது. "அன்னமேரியம்மா, உங்க சுத்திய யாரும் தொடலைங்க. இப்ப உங்க எடத்துல தட்டுற விருத்தாம்பா வேற ஒண்ணு வச்சிருக்குது. நீங்க நல்லா சுத்திப் பாத்துட்டு வாங்க."

ஜோதி அதைக் கேட்டுச் சிரித்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. விருத்தாசலத்திலேயே பீங்கான் தொழில்நுட்பம் படித்து, குஜராத்தில் ஒரு டைல்ஸ் ஆலையில் இரண்டு வருடம் இருந்து, உதவித்தொகையில் லிமோஜுக்கு மேற்படிப்புக்கு வந்தவள். படித்து முடித்ததும் கிளேர் என்ற பெண்மணி நடத்தும் பீங்கான் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. நகரத்தின் பெயரே பீங்கானின் பெயராகிப்போன ஊர் அது. அம்மா வந்து நான்காவது நாள். முதல் மூன்று நாளும் ஜோதிக்கு வேலை இருந்தது. இன்றைக்கு மாலை நாலு மணிவரை ஊரை நடந்தே காட்டுவது என்று ஏற்பாடு.

அன்னமேரி சுங்குடிச் சேலைக்கு மேல் மகளின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டார். காலில் உறையும் புதிய ஷூவும். கண்ணாடியில் பார்த்துவிட்டு, ரயில்வே கேங்மேன் மாதிரி இருப்பதாகச் சொன்னார்.

வீட்டிலிருந்து இறங்கினால் வியென் ஆறு. அதன்மேல் எண்ணூறு வருடத்துக்கு முன் கட்டிய கல்பாலம், கார் போகாது, ஆட்கள் நடப்பதற்கு மட்டும். ஆறு கரையைத் தொட்டு ஓடியது. அன்னமேரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் இப்படி முழுதாகத் தண்ணீர் போய் அவர் கடைசியாகப் பார்த்தது எந்த வருடம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள், ஒத்துப்போகவில்லை.

பாலத்தின் மேல் வைத்துத்தான் ஜோதி விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் டிசம்பர் 31 வரைதான். அதற்குமேல் வைத்துக்கொள்ள கிளேருக்கு விருப்பம் இருக்கிறது, வேலைதான் போதவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு போர்தோ நகரில் உணவகம் நடத்தும் ரெமி என்பவர் கூடத்துக்கு வருகிறார். ஜோதி தானே வரைந்து, தானே அச்செடுத்து வார்த்த ஒரு கிண்ணத்தைப் பார்க்கப்போகிறார். பிடித்தால் அறுபது கேட்பார். அறுபது கேட்டால் ஒப்பந்தம் நீளும். கேட்காவிட்டால் ஜனவரியில் ஜோதி பெட்டியைக் கட்ட வேண்டும்.

"ஒரு கிண்ணத்த நம்பியா இருக்குது?" என்றார் அன்னமேரி.

"ஒண்ணே ஒண்ணுதான் நல்லா வந்திருக்குது."

ஐந்து வார்த்ததில் இரண்டு சூளையில் கோணிவிட்டன, ஒன்று மெருகு பூசும்போது கைதவறி விழுந்தது. மீதி இரண்டில் ஒன்றின் விளிம்பில் எள்ளளவு கரும்புள்ளி. மண்ணில் இரும்புத்தூள் இருந்தால் அப்படி வரும். அதைக் கிளேர் கீழ்த்தட்டில் வைத்துவிட்டாள். அந்தக் கூடத்தில் புள்ளி விழுந்தவை இரண்டாம் தரம், அவற்றுக்குப் பாதி விலை.

ஜனவரி என்றதும் அன்னமேரியின் முகம் லேசாக மாறியதை ஜோதி கவனித்தாள். அவளுக்குப் பெண்ணாடத்தில் ஒரு வரன் பேசிவைத்திருந்தார்கள். பையன் அமல், கரும்பு ஆலையில் வேதியியல் பிரிவில் வேலை. நல்ல குடும்பம், ஒரே பங்குக் கோயில். பெண் எப்போது ஊருக்கு வரும் என்பது மட்டும்தான் அவர்கள் கேட்கிற கேள்வி.

ஆற்றை ஒட்டியே கொஞ்சதூரம் நடந்தால் பழைய சூளை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1884இல் கட்டியது. வட்டமான செங்கல் கட்டடம், ஒரு கூரைக்குள் இன்னொரு கோபுரம் நிற்பதுபோல் மேலே குறுகிக்கொண்டே போகிறது. ஒரு காலத்தில் இந்த ஊரில் இதுபோல நூற்றுக்கும் மேல் இருந்தன, எரிப்பதற்கான மரங்களை ஆற்றிலேயே மிதக்கவிட்டுக் கொண்டுவருவார்கள் என்று ஜோதி விவரித்தாள். அன்னமேரி அதைக் காதில் வாங்கிக்கொண்டே சூளையின் வாயில் தலையைக் குனிந்து உள்ளே போனார். உள்ளே மண்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை அடுக்கியிருந்தன. நெருப்பும் புகையும் பீங்கானில் படாமல் காப்பதற்கு அதை இந்தப் பெட்டிகளுக்குள் வைத்துச் சூளையில் ஏற்றுவார்கள்.

"இது சாகர்டி" என்றார். "நான் சேந்தப்ப நம்ம கம்பெனியிலயும் இருந்தது. மூணாவது வரிசைக்கு மேல ஏணி போட்டுத்தான் ஏத்துவாங்க."

சொல்லிக்கொண்டே ஒரு பெட்டியை விரல் கணுவால் தட்டினார். நுழைவுச்சீட்டு கொடுத்த பெண் வேகமாக வந்தாள். தொடக்கூடாது என்றாள். ஜோதி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் அன்னமேரியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிறகு அவளே சற்றுத் தள்ளியிருந்த ஒரு பெட்டியைக் காட்டி, அதைத் தட்டலாம் என்று சைகை செய்தாள்.

வெளியே வந்ததும், என்ன சொன்னாய் என்று அன்னமேரி கேட்டார். எங்க அம்மாவும் பீங்கான் வேலைதான் பார்க்கிறாங்க என்று சொன்னதாக ஜோதி சொன்னாள். புதன்கிழமை கிளேரிடம் அறிமுகப்படுத்தியபோது மகள் சொன்னது இதைவிடச் சின்னதாக இருந்தது அவருக்கு நினைவிருந்தது. அம்மா, ஊரிலிருந்து வந்திருக்கிறார், அவ்வளவே.

மேடேறி பேராலயத்துக்குப் போனார்கள். கட்டத் தொடங்கியதிலிருந்து முடிக்க அறுநூறு வருடம் ஆனதாம். கடைசிக் கல்லை வைத்தவனுக்கு முதல் கல்லை வைத்தவனின் பெயராவது தெரிந்திருக்குமா என்று அன்னமேரி யோசித்துக்கொண்டே முழந்தாளிட்டார். ஜோதியும் பக்கத்தில் முழந்தாளிட்டாள். எதற்காக வேண்டிக்கொள்வது என்று அன்னமேரிக்கே தெரியவில்லை.

பேராலயத்துக்குக் கீழே ஒரு சின்னக் கடையில் காப்பி குடித்தார்கள். கோப்பை மெல்லிசாக, பால்வெள்ளையாக இருந்தது. அன்னமேரி காப்பியைக் குடித்து முடித்து, கோப்பையை மூன்று விரல்மேல் நிறுத்தி ஒரு தட்டு தட்டினார். மணியடித்ததுபோல நீண்ட ஓசை. பரிமாறுகிறவர் திரும்பிப் பார்த்து, நேரே அவர்கள் மேசைக்கு வந்து நின்றார்.

"அம்மா, கூப்புடுறீங்கன்னு நெனச்சிக்கிட்டு வந்துட்டாரு."

"வந்தது வந்துட்டாரு. இன்னொரு காப்பி சொல்லு."

கசாப்புக்காரர்கள் தெரு என்று பெயர் கொண்ட பழைய தெருவில் மரச்சட்டமும் செங்கலும் கலந்து கட்டிய குறுகலான வீடுகள். அந்தக் காலத்தில் இறைச்சி வெட்டியவர்களின் குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்களுடைய சின்னக் கோயில் இன்றும் திறந்திருந்தது. உள்ளே ஒரு சிலையில் குழந்தை இயேசு கையில் எதையோ வைத்துத் தின்றுகொண்டிருந்தார். அது ஆட்டின் சிறுநீரகம், குண்டிக்காய், என்று ஜோதி சொன்னதும் அன்னமேரி நம்பவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அவங்க வூட்டுல என்ன இருந்துதோ அதத்தான குடுப்பாங்க" என்றார். அந்தக் கோயிலில் அவருக்குப் பிடித்தது அதுதான். நம்ம பங்குக் கோயிலில் இன்சுலேட்டர் வைத்துக்கொண்டிருக்கிற மாதா உண்டா என்று பிற்பாடு கேட்டுச் சிரித்தார்.

மதியம் சந்தைக் கட்டடத்தில் சாப்பிட்டார்கள். கட்டடத்தைச் சுற்றிலும் மேலே பீங்கான் ஓடுகளில் மீன், கோழி, முயல், பழம் என்று உள்ளே விற்கிற எல்லாவற்றையும் வரைந்து பதித்திருந்தார்கள். முந்நூறுக்கு மேல் இருக்கும். கழுத்து வலிக்க அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்த அன்னமேரி, நூறு வருடத்துக்கு மேல் மழையிலும் வெயிலிலும் இருந்தும் ஒன்றுகூட விரிசல் விடவில்லை என்றார். அதைச் சொல்லும்போது சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறிய செய்தியைச் சொல்கிற குரல்.

அப்போதுதான் விருத்தாசலத்திலிருந்து லாரன்ஸ் அழைத்தார். அன்னமேரியின் கணவர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அங்கே மாலை நாலரை மணி. சோறு கிடைக்கிறதா, குளிருக்கு மூட்டு வலிக்கிறதா என்று விசாரித்த பிறகு, நாளைக் காலைப் பூசை முடிந்ததும் பெண்ணாடத்துக்காரர்கள் கோயில் வாசலில் பதில் கேட்பார்கள் என்றார். ஜனவரியில் பெண் வந்துவிடும் என்று சொன்னால் தை மாதமே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களாம். நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டார்.

ஒலிபெருக்கியில் பேசியதால் ஜோதிக்கும் கேட்டது. சாயந்தரம் சொல்கிறேன் என்று அன்னமேரி துண்டித்தார். அதற்குப் பிறகு கொஞ்சநேரம் இருவரும் ஓடுகளைப் பார்த்தார்கள்.

கிளேரின் கூடம் ரயில் நிலையத்துக்குப் பின்னால், பழைய கிடங்கு ஒன்றில் இருந்தது. நாலு மணிக்கு அவர்கள் போனபோது கிளேர் பின்கட்டில் சூளைக்குப் பக்கத்தில் வேலையாக இருந்தாள். முன்கூடத்தில் இரும்புக் கால் வைத்த நீள மேசை. அதன்மேல் சாம்பல்நிறக் கம்பளித் துணி. துணியின் நடுவில் தனியாக அந்தக் கிண்ணம்.

ஒரு சாணுக்குச் சற்று அதிகமான அகலம். உட்புறம் வழுவழுப்பு. வெளிப்புறம் மட்டும் மூன்று மடிப்பு, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஓரம் சற்றே கீழ்நோக்கி வளைந்து. அன்னமேரி பார்த்ததுமே நின்றுவிட்டார்.

"இது நம்ம இன்சுலேட்டர் பாவாடை இல்ல?"

ஜோதி தலையாட்டினாள். மின்கம்பத்து இன்சுலேட்டரில் அடுக்கடுக்காக இருக்கும் அந்த வளையத்தைத் தொழிற்கூடத்தில் பாவாடை என்பார்கள். மழை பெய்தால் தண்ணீர் ஒரே ஓட்டமாக வழிந்து கம்பத்துக்கு மின்சாரத்தைக் கடத்திவிடாமல், ஒவ்வோர் ஓரத்திலும் சொட்டி விழுந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவின் இருக்கைக்குக் கீழே வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளைக்கு அந்த வளைவு கையெழுத்துபோலப் பழக்கம்.

பக்கத்தில் சின்ன அட்டையில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. என்ன என்று கேட்டார்.

"மழைன்னு எழுதியிருக்குது."

அன்னமேரி கோட்டின் கையை மேலே தள்ளிக்கொண்டு, துணியின்மேல் இருந்தபடியே கிண்ணத்தின் விளிம்பைக் கணுவால் தட்டினார். பிறகு இன்னொரு தடவை, வேறு இடத்தில். கையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ரயில் நிலையத்தின் மணிக்கூண்டு தெரிந்தது. நாலு மணி பன்னிரண்டு நிமிடம்.

"வேற கிண்ணம் இருக்குதா ஜோதி?"

ஜோதிக்கு அந்தக் கேள்வி தெரியும். பாத்திரக்கடையில், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், எங்கே போனாலும் அம்மா ஒரு பீங்கானைக் கீழே வைத்துவிட்டு வேறு இருக்கிறதா என்று கேட்டால் கையிலிருந்தது ஆகாது என்று பொருள்.

"துணி மேல இருக்குதும்மா. துணி சத்தத்த முழுங்கிடும்."

அது சரியான பேச்சுத்தான். அன்னமேரி கிண்ணத்தைத் தூக்கினார். இடது கையின் மூன்று விரல் நுனியில் நிறுத்தினார். காற்றைத் தவிர வேறெதுவும் அதைத் தொடவில்லை. தட்டினார். ஓசை எழுந்த இடத்திலேயே படுத்துவிட்டது. ஈரமான செங்கல்லைத் தட்டியதுபோல.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள் ஜோதி. கண்ணுக்கு எங்கேயும் விரிசல் இல்லை. கிளேர் வியாழக்கிழமை விளக்கு வைத்துப் பார்த்திருக்கிறாள். நாற்பது நிமிடத்தில் ஆள் வந்துவிடுவார். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"நாளைக்குப் பெண்ணாடத்துக்காரங்களுக்குப் பதில் சொல்லணும். அதுக்காகத்தான் இது ஆகாதாம்மா?"

அன்னமேரி கிண்ணத்தை விரல்மேலேயே வைத்திருந்தார். அது ஆடவில்லை.

"மை இருந்தா எடுத்துட்டு வா" என்றார்.

பெட்டிகளில் முத்திரை குத்தும் நீல மை அலமாரியில் இருந்தது. ஜோதி எடுத்துவந்தாள். மேற்கொண்டு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, படிப்பில் முதல் வருடமே செய்த சோதனை, விரிசல் இருந்தால் மை ஊறிக் காட்டிக்கொடுக்கும். கிண்ணத்தைக் கவிழ்த்து, அடிவளையத்தில் மெருகு பூசாத இடத்தில் பஞ்சால் மையைத் தடவினாள். ஐந்து நிமிடம் விட்டாள். பிறகு ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தாள். மை முழுவதும் துணியோடு வந்துவிட்டது. ஒரே இடத்தில் மட்டும் வரவில்லை. அடிவளையத்திலிருந்து உள்பக்கமாக, இரண்டு விரல்கடை நீளத்துக்கு, மயிரிழைபோல ஒரு நீலக்கோடு மெருகுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. கொதிக்கக் கொதிக்க சூப் ஊற்றினால் பத்து நாளோ பதினைந்து நாளோ தாங்கும்.

ஜோதி கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினாள். கோட்டைப் பார்க்கட்டும் என்றுதான் நீட்டினாள். அன்னமேரி வாங்கினார், வெளிச்சத்தில் பார்த்தார், கை தானாக வலப்பக்கம் போனது. மேசையின் இரும்பு விளிம்பில் ஓங்கி ஒரே அடி.

கிண்ணம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி தரையில் விழுந்து மூன்று துண்டாயிற்று. மறுபாதி அன்னமேரியின் கையில் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டிரம்முன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

சத்தம் கேட்டுக் கிளேர் ஓடிவந்தாள். கை தவறிவிட்டது என்று ஜோதி சொல்லியிருக்கலாம். வயதான அம்மா, பழக்கமில்லாத இடம், யாரும் நம்புவார்கள். ஜோதி நடந்ததை நடந்தபடி சொன்னாள். கிளேர் அன்னமேரியின் கையிலிருந்த பாதியை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனாள். பிளவு நீலக்கோட்டின் வழியாகவே போயிருந்தது, உட்புறம் முழுக்க மை ஊறியிருந்தது. வியாழக்கிழமை நானே பார்த்தேன் என்றாள். பிறகு, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், தட்டிக் கேட்கவில்லை என்றாள். ஆனால் உடைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் நான், இது என் கூடம் என்றும் சொன்னாள். குரலில் கோபம் இருந்தது. அதை ஜோதி அம்மாவுக்கு ஒரு வார்த்தை குறைக்காமல் மொழிபெயர்த்தாள். அவங்க சொல்றது சரிதான், மன்னிச்சிக்கச் சொல்லு என்றார் அன்னமேரி. கிளேர் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தாள். வந்து, கீழ்த்தட்டிலிருந்த புள்ளி விழுந்த கிண்ணத்தை எடுத்துத் துடைத்துத் துணியின் நடுவில் அவளே வைத்தாள்.

அதற்கு முன் அதை அன்னமேரியிடம் காட்டினாள். அன்னமேரி மூன்று விரல்மேல் நிறுத்தித் தட்டினார். அந்த ஓசை கூடத்தின் மறுகோடிவரை போய்த் திரும்பியது.

ரெமி ஐந்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், கனத்த ஆள், பேச்சில் நிதானம். கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் அவர் கண் நேரே புள்ளிக்குத்தான் போனது. இதைத்தான் எனக்குக் காட்ட வைத்திருந்தீர்களா என்று கேட்டார். கிளேர் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஜோதி முந்திக்கொண்டாள். இதைவிட அழகான ஒன்று இருந்தது, நாலரை மணிக்கு உடைத்துவிட்டோம் என்று சொல்லி, உடைந்ததில் இரண்டு துண்டுகளை அவர் முன்னால் வைத்தாள். நீலக்கோட்டைக் காட்டினாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டார்.

ஜோதி அம்மாவின் பக்கம் திரும்பினாள். அப்போது அவள் பிரெஞ்சில் சொன்னதில் விருத்தாசலம் என்ற சொல் மட்டும் அன்னமேரிக்குப் புரிந்தது. பிற்பாடு கேட்டபோது ஜோதி சொன்னாள்: "இது என் அம்மா. விருத்தாசலத்துல பீங்கான் செக்கிங் பண்றவங்க. இருபத்தாறு வருஷமா, ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் இன்சுலேட்டரு. இந்தக் கிண்ணத்தோட வளைவு அவங்க கம்பெனியிலேருந்து எடுத்தது. இப்படித்தாம்மா சொன்னேன்."

ரெமி தானும் தட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். கிண்ணத்தை உள்ளங்கையில் அமுக்கிப் பிடித்துத் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. அன்னமேரி எழுந்து போய் அவர் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பிரித்து, மூன்றை மட்டும் நிமிர்த்தி, அதன்மேல் கிண்ணத்தை வைத்தார். இரண்டாவது முறை தட்டியபோது ஓசை வந்தது. ரெமி அது அடங்கும்வரை கையை அசைக்கவில்லை. பிறகு மறுபடி புள்ளியைப் பார்த்தார். விலையைக் கேட்டார். அறுபதையும் இப்படி ஒவ்வொன்றாகத் தட்டுவீர்களா, யார் தட்டுவது என்று கேட்டார். நான்தான் என்றாள் ஜோதி. கூட்டாளியிடம் கலந்துகொண்டு எழுதுகிறேன் என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனார். அன்னமேரியிடமும் கைகுலுக்கினார்.

கூடத்தைப் பெருக்கி, துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு அவர்கள் கிளம்பும்போது ஆறரை மணி. இருட்டவில்லை. வந்த வழியே மேடு இறங்கிப் பாலத்துக்கு நடந்தார்கள். எழுதமாட்டார் என்று ஜோதிக்குத் தோன்றியது. புள்ளியைப் பார்த்த பார்வை அப்படி. அதை வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, சாயந்தரம் பேசினதுக்கு மன்னிச்சிக்கம்மா என்றாள்.

"தப்பில்ல" என்றார் அன்னமேரி. "எனக்கே அந்த நெனப்பு வந்துது. மொத தடவ தட்டினப்ப, சரி, புள்ள வூட்டுக்கு வந்துடும்னு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துது. அதனாலதான் ரெண்டாவது தடவ தட்டினேன்."

பாலத்தின் நடுவில் வந்ததும் கைப்பேசியை எடுத்து லாரன்ஸை அழைத்தார். விருத்தாசலத்தில் இரவு பத்தரை ஆகியிருந்தது. லாரன்ஸ் தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்.

"ஏங்க, பெண்ணாடத்துக்காரங்ககிட்ட நமக்காகக் காத்திருக்க வேணாம்னு சொல்லிடுங்க. நல்ல எடம், அவங்களுக்கு வேற பொண்ணு கெடைக்கும். இவளுக்கு வேல இருக்குது."

வேலை உறுதியாகிவிட்டதா என்று லாரன்ஸ் கேட்டார்.

"அது தெரியாது. இங்க இல்லன்னா வேற எங்கயாவது இருக்கும். நான் கையால தட்டிப் பாத்துட்டேன், நல்லா இருக்குது."

எதைத் தட்டிப் பார்த்தாய் என்று லாரன்ஸ் கேட்டதற்கு, ஊருக்கு வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். ஜோதி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர்கிறது, நடக்கலாம் என்று அன்னமேரி சொன்னார்.

அக்டோபர் 27 அன்று அன்னமேரி ஊருக்குத் திரும்பினார். மறுநாள் காலை முறைக்கு வேலைக்குப் போனார். ரெமியின் கடிதம் 29 அன்று வந்தது. அறுபதுக்குப் பதில் நாற்பது கேட்டிருந்தார். ஜோதியின் ஒப்பந்தம் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. நாற்பதுக்காக ஐம்பத்திரண்டு கிண்ணங்கள் வார்க்கப்பட்டன. ஏழு சூளையில் கோணின. ஐந்தை ஜோதி தட்டிப் பார்த்து உடைத்தாள். மீதி நாற்பதும் டிசம்பர் 19 அன்று போர்தோவுக்கு அனுப்பப்பட்டன.